ஸ்டேக் ஹவுஸில் ஆர்டர் கொடுக்கும் முன்

மெனுவில் ஸ்டேக்குக்கு (தடிமனாக வெட்டிச் சுட்ட மாட்டிறைச்சித் துண்டு) போட்டிருக்கும் எடை சமைப்பதற்கு முந்தைய எடை. 16 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 450 கிராம், வெந்தால் சுருங்கும், ஆனாலும் ஒரு ஆளுக்கு அதிகம்தான். இரண்டு பேராகப் போனால் ஒரு போர்ட்டர்ஹவுஸை (எலும்போடு வரும் பெரிய துண்டு) வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம், பர்ஸுக்கும் நல்லது (பங்கு போடத் தனிக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள், சில இடங்களில் வாங்குவார்கள்). உருளைக்கிழங்கு, கீரை எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கு.

அப்புறம் வேக்காடு. மீடியம் ரேர் (நடுவில் சிவப்பு மாறாத அரைவேக்காடு) என்றால் உள்ளே சுமார் 55 டிகிரி செல்சியஸ், மீடியம் 60-ஐ ஒட்டி. தட்டில் சிவப்பாகக் கசிவதைப் பார்த்து ரத்தம் என்று முகம் சுளிக்காதீர்கள், அது மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். கொழுப்பு ஊடுருவிய ரிப்ஐக்கு (விலாப் பகுதி இறைச்சி) மீடியம் நன்றாகவே இருக்கும், கொழுப்பு உருக வேண்டுமே. டெண்டர்லாயினில் (முதுகெலும்பை ஒட்டிய மென்மையான இறைச்சி) கொழுப்பு குறைவு, அதிகம் வெந்தால் வறண்டுவிடும்.

குழப்பமாக இருந்தால் ஒரு படி குறைத்தே சொல்லுங்கள். வேகாததைத் திரும்ப அனுப்பி வேகவைத்துக்கொள்ளலாம், அதிகம் வெந்துவிட்டால் சரி செய்ய வழியே இல்லை. தட்டு வந்தவுடன் நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள், பாதி சாப்பிட்ட பிறகு ஆளைக் கூப்பிட்டுச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும்.