ஆன்டெனா கேபிளை மண்ணுக்கடியில் பைப் வழியாகக் கொண்டுவருவது எப்படி?

மொட்டைமாடியிலேயே ஆன்டெனா வைத்திருக்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களுக்கு இந்தப் பதிவு தேவைப்படாது. தோட்டத்து மூலையில் மாஸ்ட் (ஆன்டெனா கம்பம்) நட்டு, அங்கிருந்து ரேடியோ ரூம் வரை இருபது முப்பது மீட்டர் கேபிள் இழுக்க வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் போட்ட லைன் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டியும் நன்றாக இருக்கிறது. கனெக்டர் சால்டரிங் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

கேபிளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58 (மெல்லிய கோஆக்ஸ் கேபிள்) போட்டால் ஏறக்குறைய 6 டெசிபல் போய்விடும். அதாவது ரேடியோ 50 வாட் கொடுத்தால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 12 வாட் சொச்சம்தான். தடித்த, இழப்பு குறைந்த எல்எம்ஆர்-400 கேபிள் போட்டால் 35 வாட் வரை சேரும். இவ்வளவு தோண்டிப் புதைக்கப் போகிறோம், கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பைப் எந்த சைஸ்?

கேபிள் 10 மி.மீ.தானே என்று 25 மி.மீ. கண்டூட் வாங்கிவிடாதீர்கள். பிஎல்-259 கனெக்டரே 18 மி.மீ. தடிமன் இருக்கும். நாளைக்கு இரண்டாவது கேபிளும் ரோட்டேட்டர் (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார்) வயரும் வரும். 63 மி.மீ. பிவிசி, கடையில் இரண்டு இஞ்ச் என்று கேட்டால் கொடுப்பார்கள். சுவருக்குள் பதிக்கும் மெல்லிசான எலக்ட்ரிக்கல் பைப்பைவிட, தண்ணீர் லைனுக்குப் போடும் 6 கிலோ (அழுத்தம் தாங்கும்) பைப்தான் என் தேர்வு. மண்வெட்டி பட்டாலும் தாங்கும்.

ஹேக்சாவில் அறுத்த விளிம்பின் உள்பக்கத்தை அரத்தால் நன்றாக மழித்துவிடுங்கள். அந்தப் பிசிறு கேபிளின் மேலுறையைக் கத்தி மாதிரி சீவிவிடும். திரும்பும் இடங்களில் சட்டென்று மடங்கும் எல்போ வேண்டவே வேண்டாம், மெதுவாக வளையும் லாங் பெண்ட் போடுங்கள். அதுவும் இரண்டுக்கு மேல் போனால் நடுவில் ஒரு சேம்பர் (திறந்து பார்க்கும் சிறு தொட்டி) கட்டிவிடுவது நல்லது.

பள்ளம் இரண்டடி ஆழம். அடியில் மணல், பைப், மறுபடி மணல், அதன்மேல் வரிசையாகச் செங்கல். பிறகு மண். 230 வோல்ட் கரண்ட் வயரை எக்காரணம் கொண்டும் இதே பைப்பில் விடாதீர்கள்.

தண்ணீர்: இங்கேதான் நிதானம் வேண்டும்

சால்வென்ட் சிமெண்ட் பூசி ஒட்டிவிட்டால் உள்ளே தண்ணீர் வராது என்று பலரும் நம்புகிறார்கள். வரும். மழைத் தண்ணீரை அடைத்துவிடலாம், காற்றை அடைக்க முடியாது. ஈரக்காற்று உள்ளே போய், குளிர்ந்த பைப்பில் வியர்த்து, சொட்டுச் சொட்டாகத் தாழ்வான இடத்தில் தேங்கும். அங்கே மாதக்கணக்கில் ஊறிய பழைய கேபிளை வெட்டிப் பாருங்கள்: செம்புப் பின்னல் கறுத்து, விரலால் தேய்த்தால் பச்சைப் பொடியாக உதிரும். இதில் ஏமாற்றுவது, ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர். ஈரம் ஏறிய கேபிள் பவரை வழியிலேயே தின்றுவிடுவதால், திரும்பி வருவது குறைந்து, மீட்டர் முன்பைவிட நல்ல அளவைக் காட்டும். யாருக்கும் நம் சிக்னல் கேட்காது.

அதனால் தண்ணீரைத் தடுப்பதைவிட அது வெளியேற வழி செய்வதே முக்கியம். வீட்டுப் பக்கம் உயரமாகவும் மாஸ்ட் பக்கம் தாழ்வாகவும் இருக்கட்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு போதும். இருபது மீட்டருக்கு 20 செ.மீ. கண்பார்வையில் மட்டம் பார்க்காமல், கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கிப் பிடியுங்கள். தாழ்ந்த முனையில் செங்கல் சேம்பர் கட்டுங்கள், ஆனால் அடியில் கான்கிரீட் போடக்கூடாது. ஒன்றரை அடிக்கு ஜல்லி கொட்டி, பைப்பின் வாய் ஜல்லிக்கு அரையடி மேலே நிற்க வேண்டும்.

மண்ணை மூடும் முன்பு ஒரு சோதனை. மேல் முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, கீழ் முனையில் இன்னொரு வாளியில் பிடியுங்கள். ஊற்றியது கிட்டத்தட்ட முழுசாக வந்தால் சரி. கால் வாளி குறைந்தால் நடுவில் எங்கோ பைப் தொய்ந்து வயிறு போட்டிருக்கிறது என்று அர்த்தம். மணலை இடித்துச் சரிசெய்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள்.

இழுப்பது

பைப்களை ஒவ்வொன்றாக ஒட்டும்போதே நைலான் கயிற்றையும் உள்ளே கோத்துக்கொண்டு போவது எனக்குப் பிடித்த முறை. கயிற்றில் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? மெல்லிய நூலில் ஒரு பிளாஸ்டிக் பை துண்டைக் கட்டி ஒரு முனையில் விட்டு, மறுமுனையில் வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினால் நூல் வந்துவிடும். நூலோடு கயிறு, கயிற்றோடு கேபிள்.

கயிற்றைக் கனெக்டரில் கட்டாமல் கேபிளின் மேலுறையில் நீளமாகச் சுற்றி டேப் போடுங்கள். கனெக்டருக்குப் பாலிதீன் உறை மாட்டுங்கள். ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க, இருவரும் குரல் கொடுத்துக்கொண்டே செய்ய வேண்டும். வழுக்குவதற்குக் கிரீஸ், எண்ணெய் தடவாதீர்கள், அவை மேலுறையைக் கெடுக்கும். தண்ணீரில் கரையும் கேபிள் லூப்ரிகன்ட் வாங்குங்கள். கேபிளோடு உபரியாக இன்னொரு கயிற்றையும் இழுத்து உள்ளேயே விட்டுவையுங்கள். பைப்புக்குள் கேபிளில் ஜாயின்ட் கூடாது.

முடிந்ததும் மாஸ்ட் முனையில் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் மின்தடை) மாட்டி எஸ்டபிள்யூஆர் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆன்டெனா மாட்டிய பிறகு சந்தேகம் வந்தால் அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

இரண்டு வாய்களிலும் துருப்பிடிக்காத கம்பி வலையைச் சுருட்டித் திணியுங்கள். பெருச்சாளி நுழையாது, காற்றும் தண்ணீரும் போகும். புதைத்துவிட்டால் இடி தாக்காது என்று நினைக்க வேண்டாம். மாஸ்ட் அடியில் எர்த் ராடு, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் (மின்னல் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் சாதனம்), அதை வீட்டு எர்த்தோடு செம்புப் பட்டையால் இணைப்பது மூன்றும் அவசியம்.

பின்சேர்க்கை: களிமண் நிலத்தில் ஜல்லிக் குழி தண்ணீரை உறிஞ்சவில்லை என்று கருத்துப் பகுதியில் இருவர் எழுதியிருந்தார்கள். உண்மைதான், கரிசலிலும் களியிலும் அந்தக் குழி கிணறாகிவிடும். பக்கத்தில் வாய்க்காலோ பள்ளமோ இருந்தால் சேம்பரிலிருந்து ஒரு இஞ்ச் பைப்பில் அங்கே வடிகால் விடுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் இரண்டடிக்கு மேலேயே ஏறிவிடும் இடமென்றால் புதைக்கும் யோசனையையே விட்டுவிடுங்கள். அதே பைப்பைக் காம்பவுண்டு சுவரின் உள்பக்கமாக, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கிளாம்ப் அடித்துக் கொண்டுவாருங்கள். வெயில் படும் பக்கத்தில் மட்டும் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும்.