வேலூர்க் கோட்டைப் பாசறையின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

ராணுவ ஆவணங்களை ஊர்ப்பெயரை வைத்து அடுக்கவில்லை, படைப்பிரிவின் எண்ணை வைத்தே அடுக்கியிருக்கிறார்கள். அதனால் எந்தத் தேதியில் எந்தப் படை அங்கே தங்கியிருந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, பிரிட்டிஷ் அரசின் 69ஆவது காலாட்படையைச் சேர்ந்த 4 கம்பெனிகள் (படையின் உட்பிரிவுகள்) கோட்டைக்குள் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையிலிருந்து 1/1, 2/23 ஆகியவையும் இருந்தன. சாய்கோட்டுக்கு முன்னால் வருவது பட்டாலியனின் எண், பின்னால் வருவது அந்தப் பட்டாலியன் சேர்ந்த ரெஜிமெண்டின் எண். இதைத் தலைகீழாகப் படித்தால் தேடல் முழுக்க வேறு படையின் பின்னால் போய்விடும்.

எண்கள் நிலையாகவும் இருக்கவில்லை. கலகத்துக்குப் பின் 1/1 பட்டியலிலிருந்தே அடிக்கப்பட்டு 24ஆவது ரெஜிமெண்டில் சேர்ந்தது. 1817இல் நாக்பூரில் நடந்த சீதாபல்டி போரில் நன்றாகச் சண்டையிட்ட பிறகுதான் பழைய எண் திரும்பக் கிடைத்தது. 1824இல் மதராஸ் படை முழுவதற்கும் மறுபடி எண்கள் மாறின. 69ஆவது படையோ 1881இல் 41ஆவதோடு இணைந்து வெல்ச் ரெஜிமெண்ட் ஆனது. ஆண்டு வாரியாக ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, யாருடைய படை என்று பாருங்கள். 69ஆவது போல பிரிட்டிஷ் அரசரின் படை என்றால் வருகை, சம்பளப் பட்டியல்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ.ஓ. 12 வரிசையில் இருக்கும். கம்பெனிப் படையை அங்கே தேடிப் பயனில்லை. அது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், எல்/மில்/11 வரிசையில் இருக்கிறது. ஐரோப்பியர் அடக்கப் பதிவுகளுக்கு அதே நூலகத்தில் என்/2 வரிசை.

லண்டன் போக வழியில்லாதவர்கள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடங்கலாம். ராணுவத் துறை நடவடிக்கைத் தொகுதிகளில் காணும் தேதி, சம்பவம் நடந்த நாள் அல்ல, கடிதத்தை ஆலோசனை சபை எடுத்துப் பேசிய நாள். ஜூலை 10ஐ மட்டும் புரட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுந்துவிடாதீர்கள், ஆண்டு முடியும் வரை படியுங்கள். விசாரணையில் சிப்பாய்கள் தந்த வாக்குமூலங்கள்தான் இதில் மிக முக்கியமானவை. வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் எங்கும் கிடைக்கும், இவர்களின் குரலோ வேறெங்கும் அரிது. அவை ஆங்கிலத்தில் பதிவானவை என்பதை மறக்காமல், ஒரே பெயரை நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்.

கோட்டைக்குக் கடைசியாகப் போங்கள். உள்ளே நிற்கும் கட்டடங்கள் எல்லாம் 1806ஐச் சேர்ந்தவை அல்ல; புனித ஜான் தேவாலயமே 1846இல் எழுந்தது. பழைய வரைபடத்தின் நகலைக் கையில் வைத்து, மாறாத அகழி, மதில், ஜலகண்டேஸ்வரர் கோயில் ஆகியவற்றிலிருந்து திசை பிடித்து அளந்தால்தான் பாசறை நின்ற இடம் பிடிபடும்.