மாய ராஜ்ஜியத்துக்கு வந்த புது ஆள்: நானும் செய்து தொலைத்த தவறுகள்

போன ஞாயிறு ஒரு கல்லூரிப் பெண் தன் முதல் நாவலைப் படிக்கக் கொடுத்தாள். சேலத்துப் பையன் ஏற்காட்டுக்கு பஸ் ஏறுகிறான். 14-வது கொண்டை ஊசி வளைவில் மூடுபனி சூழ்கிறது. விலகினால் வேறு நாடு. அருமையான தொடக்கம். மூன்றாம் பக்கத்தில் வெண்தாடிக் கிழவர் ஒருவர் வந்து, "கேள் மகனே" என்றார். பிரதியை மூடிவிட்டு டீ போடப் போனேன்.

அந்தக் கிழவரை எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் நாவலிலும் வந்து பேசியவர்.

ஒற்றுப்பிழை, நாயகன் கண்ணாடி முன் நின்று தன் முகத்தை வர்ணிப்பது, இதையெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கு இன்னும் ஆறாததை முதலில் சொல்கிறேன்.

புது ஆள் கேட்க, ஊரே பதில் சொல்வது

வாசகருக்கும் அந்த நாடு தெரியாது, புது ஆளுக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அவனை உள்ளே விடுகிறோம். கணக்கு சரி. பிறகு நமக்குச் சோம்பல் வந்துவிடுகிறது. "இங்கே என்ன நடக்கிறது?" என்று அவன் வாயைத் திறந்தால் போதும், மூன்று தலைமுறைப் போர், சாபம், களவு போன மணிமுடி என்று மந்திரி கொட்டித் தீர்ப்பார். என் மந்திரி 41 பக்கம் பேசினார். சொந்தக் காசில் 300 பிரதி அச்சடித்தேன், மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குப் போயின. பாதிக்கு மேல் இன்னும் பரணில் கிடக்கிறது. கட்டில் கால் உடைந்தபோது ஒரு கட்டு உதவியது.

எங்கே தவறினேன் என்பது ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில்தான் உறைத்தது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் வழி கேட்டேன்.

"எந்த ஊருங்க?" என்றார்.

"சேலம்."

"சேலத்துல எங்க?"

"கன்னங்குறிச்சி."

"இங்க யாரு வூட்டுக்கு?"

"யார் வீட்டுக்கும் இல்லைங்க, சும்மா."

"சும்மாவா?" செருப்பிலிருந்து தோள்பை வரை ஒரு பார்வை. பத்து நிமிடம் கழித்துத்தான் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினார். அது நான் கேட்ட திசை இல்லை என்று அரை மணி நேரம் நடந்த பிறகு தெரிந்தது.

இத்தனைக்கும் அங்கே போருமில்லை, சாபமுமில்லை. நிலம் பார்க்க வந்த ஆளோ என்ற சந்தேகம், அவ்வளவுதான். ஒற்றர்கள் திரிகிற, அரசன் பிழைப்பானா என்று தெரியாத நாட்டில் அந்நியனிடம் யார் வாயைத் திறப்பார்கள்? ஊர்தான் அவனைக் குடையும். அவன் சொல்லும் பதிலைப் பார்த்து ஒருத்தி பயந்து பொய் சொல்வாள். கடைக்காரன் பாதி உண்மையை இரட்டை விலைக்கு விற்பான். காவலாளி, மேலிருந்து சொல்லச் சொன்னதைச் சொல்வான். மூன்றும் ஒன்றோடொன்று முட்டுகிற இடத்தில் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். அந்தப் பெண்ணின் பிரதியில் கிழவருக்குப் பக்கத்தில், "இவனை இவர் ஏன் நம்புகிறார்?" என்று மட்டும் எழுதினேன்.

இன்னொன்று, ஊர்க்காரரே ஒரு காலத்தில் புது ஆளாக வந்தவராக இருக்கலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் இல்லை), தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். மலைக்கே பிறந்ததுபோல நிற்கிற காபிச் செடியும் 1820-வாக்கில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்ததுதான். உங்கள் ராஜ்ஜியத்துக்கு யார், எப்போது, எந்த வழியாக வந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாட்டுச் சண்டையில் பாதி அதிலேயே கிடைக்கும். தயவுசெய்து அந்தத் தாளை அப்படியே நாவலில் ஒட்டிவிடாதீர்கள்.

செலவில்லாத மந்திரம்

சொடக்குப் போட்டால் சோறு வரும் நாட்டில் பஞ்சம் எப்படி வந்தது? நிஜமாகவே இப்படி ஒரு கதை என்னிடம் வந்தது. சேலத்தில் மாக்னசைட் என்ற கனிமத்தை வெட்டியெடுத்த இடங்கள் வெள்ளை வெளேரென்று, தோலுரிந்த புண்போலக் கிடக்கும். மந்திரம் எடுத்த இடத்திலும் அப்படி ஒரு குழி வேண்டும். குழியில் இறங்குகிறவனுக்குக் கூலி என்ன என்பதும் தெரிய வேண்டும்.

தீர்க்கதரிசனம்

வேண்டாம்.

பெயர்கள்

வாயில் நுழையாத ஐரோப்பியச் சாயல் பெயர்கள் எதற்கு? நம் பஸ் பலகைகளைப் படியுங்கள்: தாரமங்கலம், ஏத்தாப்பூர், பேளூர், அயோத்தியாப்பட்டணம். கடைசிப் பெயரை நான் கற்பனையாக வைத்திருந்தால், ரொம்ப ஓவர் என்று யாராவது அடித்திருப்பார்கள்.

குதிரை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி ஜன்னலோரம் சாய்ந்திருப்பவர்களைக் கேளுங்கள், தூரம் என்றால் என்னவென்று சொல்வார்கள். அந்தப் பெண்ணின் குதிரை, ஆளையும் சுமந்துகொண்டு, அரைப் பத்தியில் மலையுச்சிக்குப் போய்விட்டது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் "கொள்ளு?" என்று எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.