வேர் சிகிச்சை: வலி தொடங்கியது முதல் கேப் பொருத்துவது வரை

பல்வலியோடு மருத்துவரிடம் வருகிறவர்களில் பலர், வலி நின்றவுடன் நோயும் தீர்ந்துவிட்டதாக எண்ணிச் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்க நேர்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம். வெளியே எனாமல், அதற்கு உள்ளே டென்டின், நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் என்ற அமைப்புடைய பல்லில், சொத்தை ஆழமாகிப் பற்கூழை எட்டும்போது அங்கே அழற்சி உண்டாகிறது; சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் வீங்குவதற்கு இடமில்லாமல் உள்ளே அழுத்தம் கூடி, வலி தாங்க முடியாததாகிறது. சில நாட்களில் அந்தக் கூழ் செத்துப்போனால் வலி தானாகவே அடங்கிவிடும். ஆனால் அதன் பிறகுதான் கிருமிகள் வேர் நுனியைத் தாண்டித் தாடை எலும்பைக் கரைக்கத் தொடங்குகின்றன.

ஆகவே மருத்துவரைப் பார்க்கும் முன்பே வலியின் தன்மையைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீர் பட்டுச் சுரீரென்று கூசி, ஓரிரு நொடிகளில் மறைந்துவிட்டால், சொத்தையைச் சுரண்டி அடைப்பதே பெரும்பாலும் போதுமானது. கூச்சம் அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், எதுவும் படாமலே வலி கிளம்பினாலும், படுத்தவுடன் அதிகரித்துத் தூக்கத்தைக் கலைத்தாலும், சூடான காபி பட்டால் துடித்துக் குளிர்ந்த நீரில் சற்றே அடங்கினாலும், பற்கூழ் மீள்வது அரிது என்று பொருள். அப்போது பற்கூழை நீக்கி, வேருக்குள் ஓடும் குழாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தேவைப்படும். கடிக்கும்போது மட்டும் பல் வலிப்பதும், ஈறில் சிறு கொப்புளம் போலச் சீழ்க்கட்டி தோன்றி உடைந்து மறுபடியும் வருவதும், தொற்று வேர் நுனிக்கு அப்பால் சென்றிருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

இதில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பற்கூழின் வலி இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டாது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வலி மேல் பல்லிலோ காதிலோ இருப்பதுபோலத் தோன்றும். நாம் விரல் வைத்துக் காட்டும் பல்லையே பிடுங்கச் சொல்லி வற்புறுத்துவது இதனால்தான் ஆபத்தானது.

மருத்துவரைச் சந்திக்கும் வரை வலியைத் தணிக்கப் பெரியவர்கள் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம்; 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது, கல்லீரல் நோய் உள்ளவர்கள் அதற்கும் குறைவாகவே எடுக்க வேண்டும். ஐபுபுரோஃபென் பல்வலிக்கு நன்றாகவே வேலை செய்யும். எனினும் வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயத்தோடு காய்ச்சலில் இருப்பவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டுச் சொத்தைக் குழியில் வைத்தால் சிறிது நேரம் மரத்திருக்கும். ஈறில் வழிந்தால் எரிச்சல் உண்டாகும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறோடு அடக்கி வைப்பது சதையையே புண்ணாக்கிவிடும். கன்னம் வீங்கியிருந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டாம்.

மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் வழக்கம் நம்மிடையே மிகவும் பரவியிருக்கிறது. செத்துப்போன பற்கூழுக்கு இரத்த ஓட்டம் கிடையாது என்பதால், மருந்து அங்கே போய்ச் சேர வழியே இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடனே பல் சிகிச்சை கிடைக்கக்கூடிய, மற்றபடி உடல்நலத்துடன் இருக்கும் பெரியவர்களுக்குப் பற்கூழ் அழற்சி வலிக்கு ஆன்டிபயாடிக் தர வேண்டாம் என்றே கூறுகிறது. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருக்கும்போது மட்டும், மருத்துவர் எழுதித் தந்தால் அதை உட்கொள்ளுங்கள். வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கினாலோ, வாய் திறக்கவும் எச்சில் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் ஏற்பட்டாலோ, பல் மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

சிகிச்சை அறையில் முதலில் எக்ஸ்ரே எடுத்து, ஐயத்துக்குரிய பல்லையும் அதன் அக்கம்பக்கத்துப் பற்களையும் குளிர்ச்சியால் தொட்டும், மெல்லத் தட்டியும் பார்ப்பார்கள். பிறகு மரத்துப்போக ஊசி போடுவார்கள். அழற்சி கடுமையாக இருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல் எளிதில் மரத்துப்போகாது. உதடு மரத்த பின்னும் பல்லில் வலி தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல் கையை உயர்த்துங்கள், கூடுதல் ஊசி போட வழியுண்டு. பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பு ஒன்றை மாட்டுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ரப்பர் டேம் எனப்படும் அது, எச்சிலில் உள்ள கிருமிகள் வேருக்குள் போகாமலும், சிறு கருவிகளும் மருந்தும் தொண்டைக்குள் விழாமலும் காக்கிறது. 1864இலேயே புழக்கத்துக்கு வந்துவிட்ட இந்த எளிய பாதுகாப்பு இன்றும் பல இடங்களில் தவிர்க்கப்படுவது வருத்தத்துக்குரியது.

பல்லின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டு, கூந்தல் ஊசியைவிட மெல்லிய நிக்கல்-டைட்டானியம் ஃபைல்களால் ஒவ்வொரு வேர்க் குழாயையும் சுத்தம் செய்வார்கள். ஃபைலின் நுனி வேர் முனையை நெருங்குவதை ஏபெக்ஸ் லொக்கேட்டர் என்ற கருவி ஒலியெழுப்பிக் காட்டும். நடுநடுவே பிளீச்சிங் பவுடரின் வாடை வந்தால் அஞ்ச வேண்டாம். குழாய்களைக் கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டின் வாடை அது. உண்மையில் ஃபைல் எட்டாத கிளைகளில் உள்ள கிருமிகளைக் கொல்வது அந்தத் திரவம்தான். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது குழாய் ஒன்று ஒளிந்திருப்பது வழக்கம். அது விடுபட்டுப்போவதே பிற்பாடு வலி திரும்பி வருவதற்குப் பல நேரங்களில் காரணமாகிறது. அதனால் எத்தனை குழாய்கள் கண்டறியப்பட்டன என்று கேட்பதில் தவறில்லை. இறுதியில் ஒருவகை மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டா பெர்ச்சாவைக் கொண்டு குழாய்களை அடைத்துவிடுவார்கள்.

மேல் பல்லில் கை வைத்தால் கண்பார்வை போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கக்கூடும். பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் அமர்விலேயே வலி போய்விடுவதுதான் சிக்கல். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அது தேய்ந்து கசிந்தால் கிருமிகள் மறுபடியும் உள்ளே நுழைந்து, செய்த வேலையெல்லாம் வீணாகிவிடும். இரண்டு மூன்று நாட்கள் கடிக்கும்போது லேசாக நோவது இயல்பே. சொத்தையாலும் துளையாலும் குறைந்துபோன கடைவாய்ப் பல், முறுக்கையோ எலும்பையோ கடிக்கும்போது பிளந்துவிடக்கூடும் என்பதால், நிரந்தர அடைப்புக்குப் பின் தாமதமின்றிக் கேப், அதாவது பல்லை மூடும் உறை, பொருத்திக்கொள்ளுங்கள். முன்பற்களுக்கு, பல்லின் பெரும்பகுதி எஞ்சியிருந்தால், கேப் தேவைப்படாமலும் போகலாம். செலவு தடையாக இருந்தால், சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற கற்பிக்கும் மருத்துவமனைகளை நாடலாம். அங்கே அமர்வுகள் கூடுதலாகும், ஆனால் வேர் சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

வேர் நெடுக்குவாட்டில் பிளந்திருந்தாலும், கேப் பற்றிக்கொள்ளும் அளவுக்குக்கூடப் பல் மிஞ்சாவிட்டாலும் பிடுங்குவதே சரியான முடிவாகும். முன்பு செய்த வேர் சிகிச்சை பலனளிக்கவில்லை என்பதற்காக மட்டும் உடனே பிடுங்கிவிட வேண்டியதில்லை. குழாய்களைத் திறந்து மறுசிகிச்சை செய்யவும், வேர் நுனியை மட்டும் அறுவை செய்து நீக்கவும் முடியும்.

சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். எலும்பு கரைந்திருப்பதைக் காட்டும் வேர் நுனியின் கருநிழல், ஓராண்டு கழித்து எடுக்கும் படத்தில் மறைந்திருக்க வேண்டும். சுருங்கி மட்டும் இருந்தால், நான்கு ஆண்டுகள் வரை அவ்வப்போது படமெடுத்துக் கண்காணிப்பார்கள். நரம்பு நீக்கப்பட்ட பல் கூசாது என்பதால், கேப்பின் விளிம்பில் புதிதாகச் சொத்தை விழுந்தால் நமக்கு எளிதில் தெரியாது. எனவே வலி இல்லாவிட்டாலும் அந்தப் பல்லை ஆண்டுக்கொரு முறையாவது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.