பிள்ளை ஏன் கையைக் கடிக்கிறான்? ஒரு கொப்பியோடு தொடங்கும் செய்முறை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் விசேட தேவையுள்ள பிள்ளைகளை வளர்க்கிற தாய்மார் அடிக்கடி சொல்வது, "ஒன்றுமில்லாமல் திடீரென்று கடிக்கிறான்." ஒன்றுமில்லாமல் யாரும் கடிப்பதில்லை. பேச்சு வராத பிள்ளைக்குக் கடியும் அடியும் கத்தலும்தான் கையிலிருக்கும் வழி. அதனால் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று கண்டுபிடித்து, அதையே பெற இன்னும் இலகுவான வழியைப் பழக்குவதுதான் நேர்மறை நடத்தை ஆதரவு. ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம். பெரியவர்களுக்கும் இதே முறைதான்.

முதற்படி, வைத்தியரிடம் காட்டுவது. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை எதுவானாலும் வாய் திறந்து சொல்லமுடியாத பிள்ளை அதைக் கையாலும் பல்லாலும்தான் காட்டும். புதிதாகத் தொடங்கிய நடத்தை என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகவே வேண்டாம்.

இரண்டாவது, ஒரேயொரு நடத்தையைத் தெரிந்தெடுங்கள். "குழப்படி", "அடம்" என்று எழுதினால் ஆளுக்கொரு விதமாக விளங்கும். "இடது மணிக்கட்டைப் பல் பதியக் கடிக்கிறான்" என்று எழுதுங்கள். அம்மம்மா பார்த்தாலும் டீச்சர் பார்த்தாலும் ஒரே விடயத்தையே எண்ண வேண்டும்.

மூன்றாவதுதான் முழு வேலையின் உயிர். கொப்பியில் மூன்று பத்தி கீறுங்கள்: முன்னம் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், உடனே நாங்கள் என்ன செய்தோம். எழுதினால் இப்படி இருக்கும்:

செவ்வாய் பின்னேரம் 4.30. முன்: எழுத வா என்று கொப்பியை விரித்தேன். செய்தது: கடித்தான். பின்: "சரி விடு" என்று கொப்பியை எடுத்து வைத்தேன்.

செவ்வாய் இரவு 8.00. முன்: கட்டாரிலிருந்து அப்பா போன் எடுத்தார், நான் திரும்பி நின்று கதைத்தேன். செய்தது: கடித்தான். பின்: போனை வைத்துவிட்டு "என்ன மனே" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

மூன்றாம் பத்தியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் செய்ததை நாங்களே எழுதுவது கூச்சமாக இருக்கும். ஆனாலும் எழுதுங்கள், விடை அங்கேதான் இருக்கிறது. இரண்டு வாரம் எழுதினால் போதும். கடிக்காமல் அமைதியாக இருந்த நேரங்களையும் குறியுங்கள். அந்த நேரம் யார் பக்கத்தில் இருந்தார், என்ன நடந்துகொண்டிருந்தது என்பதும் பெறுமதியான தகவல்.

அப்புறம் கொப்பியைப் படித்துக் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: ஒரு வேலையிலிருந்தோ இடத்திலிருந்தோ தப்புவது, ஆட்களின் கவனம், விரும்பிய சாமான், உடம்புக்குள் கிடைக்கும் உணர்வு. மேலே பாருங்கள், ஒரே பிள்ளை, ஒரே கடி. பின்னேரத்துக் கடி எழுத்து வேலையை நிறுத்துகிறது. இரவுக் கடி அம்மாவைத் திருப்பி எடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து சரிவராது.

அடுத்து, முதலாம் பத்தியில் எழுதியதை, அதாவது கடிக்குமுன் நடப்பதை மாற்றுங்கள். ஒரு பக்கம் எழுதச் சொல்லாமல் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். கொப்பி, சாப்பாடு, ஊஞ்சல் என்று போனில் படம் எடுத்து, பிரின்ட் போட்டு, வரிசையாகச் சுவரில் ஒட்டினால் எழுத்து முடிந்தபின் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். அப்பாவின் அழைப்பு வந்தால் முதல் இரண்டு நிமிடம் அவனுக்கே கொடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போகும்போது ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருத்தாமல், சனம் சேருமுன்னரே போய் வாருங்கள்.

இனிப் புதிய வழியைப் பழக்குவது. எழுத்து நேரத்துக்கு, கை விரித்த படமும் "போதும்" என்ற சொல்லும் உள்ள அட்டை ஒன்று செய்யுங்கள். அவன் அமைதியாக இருக்கும்போதே கையைப் பிடித்து அதைத் தரப் பழக்குங்கள். தந்த அந்தக் கணமே கொப்பியை மூடுங்கள். "அப்படியென்றால் எழுதவே மாட்டானே" என்று மாமிமார் கேட்பார்கள். முதல் நாட்களில் எழுதமாட்டான்தான், அது பரவாயில்லை. அட்டை வேலை செய்கிறது என்று அவன் நம்பிய பிறகு, "இன்னும் ஒரு வரி, அப்புறம் போதும்" என்று மெல்ல நீட்டலாம். போன் நேரத்துக்கு வேறு வழி வேண்டும்: அம்மாவின் தோளைத் தட்டுவது. தட்டியதும் திரும்பிப் பார்த்துச் சிரியுங்கள்.

1985இல் உளவியலாளர்கள் எட்வர்ட் காரும் மார்க் டியூரண்டும் நான்கு பிள்ளைகளிடம் இதைச் சோதித்துக் காட்டினார்கள். வேலை கடினமாக இருந்ததால் குழப்படி செய்த பிள்ளைக்கு "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லப் பழக்கியபோது குழப்படி குறைந்தது. காரணத்தோடு பொருந்தாத சொல்லைப் பழக்கியபோது குறையவில்லை. அதனால்தான் கொப்பி எழுதாமல் அட்டை செய்யாதீர்கள் என்கிறேன்.

இதையெல்லாம் செய்தும் இடையில் கடிப்பான். அப்போது அதிகம் கதைக்காமல், முகத்தை மாற்றாமல், காயம் படாமல் பாருங்கள். பிறகு அட்டையைக் கையில் எடுத்துக் கொடுங்கள். பழைய வழிக்குப் பலன் கிடைக்காதபோது சில நாள் கடி கூடிப் பிறகு குறையலாம். அந்த நாட்களில் அம்மம்மா ஒரு மாதிரி, மாமா இன்னொரு மாதிரி நடந்தால் பிள்ளைதான் தடுமாறும். வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுங்கள். பாடசாலையின் விசேட கல்வி அலகுக்கும் ஒரு அட்டை கொடுத்து விடுங்கள்.

அடிப்பது, வாயில் மிளகாய் பூசுவது, கட்டி வைப்பது, அறையில் பூட்டுவது வேண்டவே வேண்டாம். பயத்தில் அடங்குகிற பிள்ளை புதிதாக எதையும் பழகுவதில்லை. மாற்றுத்திறனாளிகளை வன்முறையிலிருந்து காப்பது, இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை. அது வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கும் பொருந்தும். நாவூறு பார்க்க விரும்புகிறவர்கள் பாருங்கள், கொப்பியை மட்டும் நிறுத்தவேண்டாம்.

ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரக் கடிகளை எண்ணி எழுதுங்கள். ஒரு மாதமாகியும் குறையவில்லை என்றால் காரணத்தைப் பிழையாகப் பிடித்திருக்கலாம். மூன்றாம் பத்தியைத் திரும்பப் படியுங்கள். தலையைச் சுவரில் மோதுவது, கண்ணில் குத்துவது, இரத்தம் வரக் கடிப்பது என்றால் வீட்டில் தனியாக முயலவேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனையில் உள்ள ஆதார வைத்தியசாலைக்கோ கூட்டிப் போங்கள். பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் உதவி கேளுங்கள். எங்கே போனாலும் அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள், வைத்தியர் கேட்கும் முதல் பத்துக் கேள்விக்கும் பதில் அதில் இருக்கும்.