ரைஃபிள் கேஸ் எத்தனை ரீலோடுக்குத் தாங்கும்?

ரீலோடிங், அதாவது சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை (கேஸ்) திரும்ப நிரப்புவதைக் கற்க வருகிற எல்லோரும் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி, ஒரு பித்தளைக் கேஸை எத்தனை தடவை திரும்ப நிரப்பலாம் என்பது. ஒருவர் ஐந்து என்பார், இன்னொருவர் இருபது என்பார், ரைஃபிளை மேசையில் தாங்கவைத்துத் துல்லியம் பார்க்கும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் 6 பிபிசி என்ற வகைத் தோட்டா சுடுகிறவர் இருபதே கேஸ்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஒரு சீசன் முழுக்க ஓட்டியதாகச் சொல்வார். மூவர் சொல்வதும் உண்மைதான். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பித்தளையை நீங்கள் எவ்வளவு தூரம் விரியவிட்டு, திரும்ப எவ்வளவு தூரம் நெருக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது. அந்த அசைவைப் பாதியாகக் குறைக்க முடிந்தால், அதே கம்பெனி கேஸ், அதே ரைஃபிள், ஆனால் ஆயுள் இரண்டு மூன்று மடங்கு.

தொடங்கும் முன் ஒன்று: உங்கள் நாட்டில் ரீலோடிங்குக்கு அனுமதி உண்டா, உரிமம் வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள். வெடிமருந்து அளவுகளை அச்சிட்ட ரீலோடிங் கையேட்டில் இருந்து மட்டும் எடுங்கள். இங்கே நான் சொல்லப்போவது கேஸைப் பற்றி மட்டும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கேஸ் செய்யும் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். சுட்டவுடன் அழுத்தம் ஏறும்போது மெல்லிய முன்பக்கச் சுவர் விரிந்து, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையான சேம்பரின் சுவரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் தடித்த அடிப்பகுதி அப்படிப் பிடித்துக்கொள்வதில்லை, அழுத்தம் அதைப் பின்னால், சேம்பரை மூடி நிற்கும் போல்ட்டின் முகம் வரைக்கும் தள்ளுகிறது. முன்பாதி நின்ற இடத்தில் நிற்க, பின்பாதி நகர, நடுவில் இருக்கிற சுவர் இழுபட்டு மெலிகிறது. அப்புறம் நாம் அதை டை என்ற எஃகு அச்சில் விட்டுப் பழைய அளவுக்கு நெருக்குகிறோம், அடுத்த முறை திரும்ப இழுபடுகிறது. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகுமோ அதேதான். இன்னொரு பக்கம், இப்படிக் குளிர்ந்த நிலையில் வளைக்க வளைக்கப் பித்தளை கடினமாகிக்கொண்டே போகும், கழுத்துப் பகுதியில் அது சீக்கிரம் தெரியும்.

ஆகவே கேஸ் மூன்று இடங்களில் சாகும்: கழுத்து பிளக்கும், அடிக்குச் சற்று மேலே வளையமாக அறுபடும், அடியில் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் குழி தளரும். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, தீர்வும் வேறு. எல்லாவற்றையும் "கேஸ் பழசாகிவிட்டது" என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பலரும் எதைத் திருத்துவது என்று தெரியாமல் புதுக் கேஸ் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதில் ஆபத்தானது நடுவில் இருப்பது. கழுத்தில் ஒரு கீறல் விழுந்தால் பெரும்பாலும் குறி கொஞ்சம் தப்பும், கேஸைத் தூக்கிப் போட்டுவிடலாம். அடிக்கு மேலே அறுந்தால் சூடான வாயு போல்ட் வழியாகப் பின்னால், உங்கள் முகத்தை நோக்கி வரலாம், முன்பாதி சேம்பருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அதை எடுக்கத் தனிக் கருவி வேண்டும். எனக்கு ஒருமுறை இது நடந்தது. போல்ட்டை இழுத்தபோது கையில் வந்தது இரண்டு விரல் கடை கூட இல்லாத ஒரு துண்டு. கண்ணாடி போட்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கேஸ் அதற்கு முந்தின சுற்றிலேயே வெளியில் மெல்லிய பளபளப்பான கோடு காட்டியிருந்தது, நான் அதை டை உரசிய தடம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கேஸையும் கம்பி விட்டுப் பார்க்காமல் நிரப்புவதில்லை.

அந்தக் கம்பிச் சோதனை இப்படி. விறைப்பான மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, நுனியில் இரண்டு மில்லிமீட்டரைச் செங்கோணமாக மடக்கி, அந்த நுனியைக் கூராக அரம் போடுங்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தினாலும் போதும். கேஸின் வாய் வழியாக உள்ளே விட்டு, அடியைத் தொட்டதும் நுனியைச் சுவரில் அழுத்தியபடி மெதுவாக மேலே இழுங்கள். நல்ல கேஸில் தடித்த அடியிலிருந்து சுவர் சீராகச் சரிந்து மெலிவது கையில் தெரியும், வேறு எதுவும் தட்டாது. அடியிலிருந்து சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கினால் அந்தக் கேஸ் முடிந்தது. நான்கு பக்கமும் இழுத்துப் பாருங்கள், மெலிவு ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருக்கலாம். வெளியே கோடு தெரிகிறது, உள்ளே ஒன்றும் தட்டவில்லை என்றால் அது டையின் தடமாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் அதே கூட்டத்தில் ஒரு கேஸை ரம்பத்தால் நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பாருங்கள். ஒரு கேஸ் போவதில் நஷ்டமில்லை, உள்பள்ளத்தைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவர்களுக்குக் கம்பியில் அது எப்படித் தட்டும் என்று சட்டென்று பிடிபட்டுவிடும்.

இந்த மெலிவைத் தடுப்பது டையைப் பொருத்துவதில் இருக்கிறது, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸை முழு நீளத்துக்கும் நெருக்குகிற ஃபுல் லெங்த் டையோடு வருகிற தாளில், கேஸின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரை டை தொடும்வரை இறக்கு, அதற்கு மேல் கால் சுற்று திருகு என்று போட்டிருக்கும். அப்படிச் செய்தால் எந்த ரைஃபிளிலும் நுழைகிற கேஸ் கிடைக்கும். ஆனால் உங்கள் சேம்பருக்குத் தேவையானதைவிடத் தோள் (உடல் கழுத்தாக ஒடுங்கும் சரிவு) அதிகமாகப் பின்னால் போய்விடும், அந்த இடைவெளி முழுவதையும் அடுத்த சுடலில் கேஸ் நீண்டு நிரப்ப வேண்டும். நீளுவது எங்கே? அடிக்கு மேலே, அதே வளையத்தில்.

செய்ய வேண்டியது என்னவென்றால், கேலிப்பரில் மாட்டுகிற கம்பரேட்டர் ஒன்று வாங்கி, சுட்ட கேஸில் அடியிலிருந்து தோள் வரை அளந்துகொள்ளுங்கள். அளக்கும் முன் பழைய பிரைமரை எடுத்துவிடுங்கள், துருத்திக்கொண்டிருக்கிற பிரைமர் அளவைப் பொய்யாக்கும். புதுக் கேஸ் முதல் சுடலிலேயே சேம்பரை முழுவதும் நிரப்பாது, ஆகவே இரண்டு மூன்று முறை சுட்ட கேஸில் எடுத்த அளவே நம்பகமானது. பிறகு டையை உயரத்தில் வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தோள் அந்த அளவிலிருந்து 0.001 முதல் 0.002 அங்குலம், அதாவது 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் பின்னால் போகிற இடத்தில் பூட்டுங்கள். போல்ட் ஆக்‌ஷனுக்கு இது போதும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவுக்குத் தடையில்லாமல் பூட்ட இடம் வேண்டும் என்பதால் 0.003 முதல் 0.004 அங்குலம் கொடுங்கள். ஒன்று கவனியுங்கள், டை பாதியளவு இறங்கும்போது உடல் ஒடுங்கி, தோள் முதலில் முன்னால் தள்ளப்படும், அளவு கூடுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இன்னும் இறக்கினால் திரும்ப வரும்.

அடியைச் சுற்றித் தடித்த பட்டை (பெல்ட்) உள்ள மேக்னம் கேஸ்கள் சீக்கிரம் போவதும் இதனால்தான். அவை பின்பக்கப் பெல்ட்டில் நிற்பதாக வடிவமைக்கப்பட்டவை, தோளுக்கு முன்னால் இடைவெளி இருந்தாலும் ரைஃபிள் சுடும். .303 பிரிட்டிஷும் அப்படியே, விளிம்பில் நிற்கும், அதிலும் லீ என்ஃபீல்டு ராணுவ ரைஃபிள்களின் சேம்பர் தூசி, சேறு பட்ட தோட்டாவையும் ஏற்க வேண்டும் என்று தாராளமாகக் குடையப்பட்டது, போல்ட்டும் பின்பக்கத்தில் பூட்டுவதால் சுடும்போது கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். தாளில் சொன்னபடியே டையை வைத்தால் சில சுற்றுகளிலேயே வளையம் தெரியத் தொடங்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: ஒருமுறை சுட்ட பிறகு கேஸ் தோளில் நிற்கும்படி டையை வையுங்கள், பெல்ட்டையும் விளிம்பையும் மறந்துவிடுங்கள். .303 புதுக் கேஸின் முதல் சுடலுக்கு விளிம்பின் முன் ஒரு சிறு ரப்பர் ஓ-ரிங் மாட்டிச் சுடுகிறவர்கள் உண்டு, அது கேஸைப் போல்ட் முகத்தோடு ஒட்டி வைத்திருக்கும், முதல் நீட்சியே குறையும்.

கழுத்துக்கு வருவோம். சாதாரண டை கழுத்தைத் தேவைக்கு மேல் நெருக்கி, வெளியே வரும்போது எக்ஸ்பாண்டர் குண்டை உள்ளேயிருந்து இழுத்துத் திரும்ப விரிக்கிறது. ஒரே சுற்றில் மூன்று முறை அசைவு. கழுத்தை நெருக்கும் வளையத்தை (புஷிங்) மாற்றக்கூடிய புஷிங் டை இருந்தால், புல்லட் பொருத்திய கழுத்தின் வெளி அளவைவிட 0.002 அங்குலம் குறைந்த புஷிங் போட்டு அந்தக் குண்டையே கழற்றிவிடலாம். இல்லையென்றால் குறைந்தது கழுத்தின் உள்ளே கொஞ்சம் உலர் லூப் (மசகுத் தூள்) தடவுங்கள். குண்டு கிறீச்சிட்டு வந்தால் அது தோளையும் இழுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், நீங்கள் பாடுபட்டு வைத்த அளவு போய்விடும்.

கடினமான கழுத்தைத் திரும்ப மிருதுவாக்க அனீலிங். பிரைமர் எடுத்த காலிக் கேஸை, தோளும் கழுத்தும் சேருமிடத்தில் தீச்சுடர் படும்படி சுழற்றிக்கொண்டே சில விநாடி காட்ட வேண்டும். டிரில்லில் மாட்டிய ஆழமான சாக்கெட்டுக்குள் கேஸை நிறுத்திச் சுற்றினால் எல்லாப் பக்கமும் சமமாகச் சூடேறும். வெப்பம் காட்டும் பெயின்ட் கிடைக்கும், கழுத்தின் உள்ளே 400 டிகிரி செல்சியஸ் பெயின்ட்டைத் தொட்டு வைத்து, அது உருக எத்தனை விநாடி என்று சில பழைய கேஸ்களில் பார்த்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதே விநாடிக் கணக்கில் செய்யுங்கள். பெயின்ட் இல்லையென்றால் விளக்கை மங்கலாக்கி, கழுத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சிவப்பு எட்டிப் பார்க்கும் நொடியில் எடுத்துவிடுங்கள். பளிச்சென்று ஆரஞ்சாக ஒளிர்ந்தால் கழுத்து வெண்ணெயாகிவிட்டது, புல்லட்டைப் பிடிக்காது. தண்ணீரில் போடலாம், போடாமலும் விடலாம், எஃகைப் போலப் பித்தளை தண்ணீரில் முறுக்கேறாது, சூடு கீழே இறங்குவது நிற்கும், அவ்வளவுதான்.

அடிப்பகுதி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சூடாகக் கூடாது. அது கடினமாக இருப்பதால்தான் அழுத்தத்தைத் தாங்குகிறது, மிருதுவானால் அந்தக் கேஸை நம்பிப் போல்ட்டைப் பூட்டவே முடியாது, பழைய நிலைக்குக் கொண்டுவரவும் வழியில்லை. முழுக் கேஸையும் அடுப்பில் வைத்துச் சூடேற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நிக்கல் பூசிய கேஸ்களை அனீல் செய்ய முயல வேண்டாம், அவற்றின் கழுத்து சீக்கிரமே பிளக்கும் என்று தெரிந்தே வாங்குங்கள். நான் மூன்று சுடலுக்கு ஒருமுறை அனீல் செய்கிறேன், ஒவ்வொரு சுடலுக்கும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எதுவானாலும் முழுக் கூட்டத்தையும் ஒரே நாளில் செய்யுங்கள், பாதி கேஸ் மிருது பாதி கேஸ் கடினம் என்று இருந்தால் டையிலிருந்து வெளிவரும்போது அவை திரும்ப எகிறும் அளவு வேறுபடும், தோள் அளவு ஆளுக்கொரு விதமாக நிற்கும்.

பிரைமர் குழி தளர்வதற்குக் காரணம் ஏறக்குறைய ஒன்றே ஒன்று, அழுத்தம். அது தோட்டா வகைக்கு வகை மாறும். .30-30 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தர அளவின் உச்சம் 42,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .308 வின்செஸ்டருக்கு 62,000. கையேட்டின் உச்ச அளவிலேயே எப்போதும் சுடுகிறவரின் கழுத்தும் சுவரும் நன்றாக இருக்கும்போதே குழி போய்விடும். பிரைமரைக் கையால் அழுத்துகிற கருவியில் வையுங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு இறுக்கமாக இறங்குகிறது என்று விரலுக்குத் தெரியும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் அந்தக் கேஸை ஒதுக்குங்கள். புதுக் கேஸில் இரண்டு மூன்று சுடலிலேயே இப்படி ஆனால் வெடிமருந்தைக் குறைக்கச் சொல்கிறது கேஸ். 6.5 கிரீட்மோர் என்ற வகையில் சிறிய பிரைமர் குழியுள்ள கேஸ்களும் கிடைக்கின்றன, குழியைச் சுற்றி அதிகப் பித்தளை இருப்பதால் அவை கூடுதல் நாள் தாங்குகின்றன.

நீளத்தையும் விடக்கூடாது. .308 கேஸின் உச்ச நீளம் 51.18 மில்லிமீட்டர், வெட்ட வேண்டிய அளவு 50.93. .223 ரெமிங்டனுக்கு உச்சம் 44.70, வெட்டுவது 44.45. உச்சத்தைத் தாண்டினால் கேஸின் வாய் சேம்பரின் முடிவில் முட்டிப் புல்லட்டை இறுக்கிக்கொள்ளும், அழுத்தம் எதிர்பாராமல் ஏறும். வெட்டி எடுக்கிற அந்தப் பித்தளை உடலிலிருந்து நகர்ந்து முன்னால் வந்தது என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வெட்ட வேண்டியிருந்தால் டை அதிகமாக இறங்கியிருக்கிறது.

சுத்தம் செய்ய அமோனியா கலந்த உலோகப் பாலிஷ் வேண்டாம். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கேஸ்கள் தாமாகவே விரிசல் விட்டன. விலங்குச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்பது 1921-இல் வெளியான ஆய்வில் விளங்கியது. இறுக்கத்தில் இருக்கிற பித்தளையை அமோனியா அப்படித் தாக்கும். புளிப்பான திரவத்தில் நீண்ட நேரம் ஊறவிட்டால் கேஸ் இளஞ்சிவப்பாகும், துத்தநாகம் வெளியேறிவிட்டது என்று பொருள். கேஸ்களை உருட்டித் துலக்கும் டம்ளர் இயந்திரத்திலிருந்து எழும் தூசியில் பிரைமரின் ஈயம் இருக்கிறது, முகமூடி போட்டு, திறந்த வெளியில் கொட்டி, கையைக் கழுவுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எண் வேண்டும் என்பவர்களுக்கு, என் அனுபவத்தில்: தோளை 0.002 அங்குலம் மட்டும் தள்ளி, நடுத்தர அளவில் நிரப்பி, அனீல் செய்த .308 போல்ட் ரைஃபிள் கேஸ் பத்து முதல் பதினைந்து தடவை நிம்மதியாக ஓடும், அதற்கு மேலும் ஓடியிருக்கிறது. உச்ச அளவும் முழு டையும் என்றால் ஐந்தாறு. செமி ஆட்டோ கேஸை ஐந்துக்கு மேல் நான் நம்புவதில்லை, அது கேஸை இழுத்து எறிகிற வேகத்திலேயே விளிம்பு வளைகிறது. மைதானத்தில் பொறுக்கிய கேஸுக்கு எண்ணே கிடையாது, வேறு யாரோ எத்தனை முறை சுட்டது என்று கேஸ் சொல்லாது.

ஐம்பது ஐம்பதாகத் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள், ஒன்றோடொன்று கலக்காதீர்கள். பெட்டி மூடியின் உள்ளே ஒரு சீட்டு ஒட்டி எத்தனையாவது சுடல், எப்போது அனீல், எப்போது வெட்டு என்று எழுதுங்கள். ஐம்பதில் ஒரு கழுத்து பிளந்தால் மற்றவற்றை அனீல் செய்து தொடரலாம். ஒன்றில் உள்பள்ளம் தெரிந்தால் மீதி நாற்பத்தொன்பதும் அதே பயணத்தில் ஓரடி பின்னால்தான் வருகின்றன, பெட்டியோடு ஒதுக்குங்கள், மனம் வராவிட்டாலும். ஒதுக்கியதன் வாயை உடனே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், பழைய உலோகப் பையில் போட்ட கேஸை இன்னொருவர் எடுத்து நிரப்பிவிடக் கூடாது.