கரும்புச் சோகையை எரிக்காமல் மக்க வைப்பது எப்படி? வேலூர் வெயிலுக்கு ஏற்ற செய்முறை

கரும்பு வெட்டி முடிந்ததும் சோகைக்கு, அதாவது வயலில் மிஞ்சும் காய்ந்த கரும்பு இலைக்கு, தீ வைக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் விட்டபாடில்லை. புகையாகப் போவது அவ்வளவும் நம் மண்ணுக்கு வேண்டிய கரிமச்சத்து. வேலூரைச் சுற்றியுள்ள செம்மண்ணில் அது ஏற்கெனவே குறைவு. அதனால்தான் மழை பெய்து ரெண்டு நாள் வெயிலடித்தால் மேல்மண் ஏடு கட்டி இறுகுகிறது, கடலை முளை அதைப் பிளந்துகொண்டு வரத் திணறுகிறது, பாய்ச்சிய தண்ணீரும் நிற்காமல் கீழே இறங்கிவிடுகிறது. நன்றாக மக்கிய உரம் சேரச் சேர மண் பொலபொலப்பாகி ஈரம் பிடிக்கும். இதை யூரியா மூட்டை செய்யாது.

மாசி, பங்குனியில் குவியல் போட்டால் ஆடிப்பட்டத்துக்கு உரம் தயார். நடுவில் கத்திரி வெயில் இருக்கிறது, அதைக் குவியல் தாங்க வேண்டும்.

குவியல் போடுவது

கூடைக் கணக்கில் காய்ந்தது ரெண்டு பங்கு, பச்சையும் சாணமும் சேர்ந்து ஒரு பங்கு. காய்ந்ததில் சோகை, வைக்கோல், சருகு எதுவும் ஆகும். பச்சைக்குக் கிளிரிசிடியா, எருக்கு, சமையலறைக் கழிவு. கோரைக் கிழங்கையும் அருகம்புல் வேரையும் மட்டும் போடவே போடாதீர்கள், எங்காவது ஓர் ஓரத்தில் சூடு படாமல் பிழைத்து வயலுக்கே திரும்பி வந்துவிடும்.

மரநிழலில், சிமென்ட் தரை இல்லாமல் மண்ணின் மேலேயே, நாலடி அகலம் நாலடி உயரம். நீளம் உங்கள் வசதி. அடியில் காற்றோட்டத்துக்குத் துவரை மார், அதாவது துவரைச் செடியின் காய்ந்த குச்சி. அதன்மேல் சோகை அரையடி, பச்சை நாலு விரல், கரைத்த சாணம் என்று மாறி மாறி அடுக்குங்கள். மக்க வைக்கும் திரவம் என்று பாட்டிலில் விற்பதற்கெல்லாம் காசு செலவழிக்கத் தேவையில்லை, புதுச் சாணக் கரைசலிலேயே வேண்டிய நுண்ணுயிர் இருக்கிறது.

தண்ணீர்: நின்று கவனிக்க வேண்டிய இடம்

என்னை அதிக நாள் இழுத்தடித்தது இந்த ஒரு விஷயம்தான். சோகையின் மேல் ஒரு வழவழப்பு உண்டு, குழாயைப் பிடித்து மேலே அடித்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓரமாக இறங்கிவிடும், குவியலைச் சுற்றித் தரை சேறாகிவிடும், உள்ளே கை விட்டால் சோகை அப்படியே மொடமொடவென்று இருக்கும். அதனால் சோகையைச் சாண் அளவுக்கு நறுக்கி, முந்தின நாள் ராத்திரியே தொட்டியிலோ டிரம்மிலோ ஊறப் போடுங்கள். அடுக்கும்போதும் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக நனையுங்கள்.

ஈரம் சரிதானா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் அதிகம், பிடி திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

பத்து நாள் கழித்து நடுவில் தோண்டினால் சாம்பல் பூத்தது மாதிரி வெள்ளைப் படலம் தெரியலாம். பயப்பட வேண்டாம், அது சூட்டில் வளரும் நுண்ணுயிர். ஆனால் அந்த இடம் தூசியாகப் பறந்தால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது மேலிருந்து ஊற்றிப் பிரயோஜனமில்லை, தண்ணீர் போன வழியிலேயே திரும்பவும் போகும். குவியலைப் பிரித்து, நனைத்து, வெளியில் இருந்ததை உள்ளே தள்ளி, மறுபடி அடுக்க வேண்டும். எப்படியும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டத்தான் போகிறீர்கள். இதற்கு மண்வெட்டியைவிட நாலு பல் முள்வாரி எவ்வளவோ மேல், இடுப்பு தப்பிக்கும். மேலே மூட நனைத்த சணல் சாக்குதான் என் சிபாரிசு. தார்ப்பாய் போட்டு இறுக்கினால் காற்று அடைத்து அழுகிய முட்டை நாற்றம் வரும். பலத்த மழையன்று மட்டும் போட்டு, விட்டதும் எடுத்துவிடுங்கள்.

சூடு பார்க்க ஓர் இரும்புக் கம்பியை நடுவரை செருகிப் பத்து நிமிஷம் விடுங்கள். உருவித் தொட்டால் கை பொறுக்கக் கூடாது. உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறினால் களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும்.

மக்கியதா என்று பார்ப்பது

மூன்று நாலு மாதத்தில் குவியல் பாதியாக அமுங்கியிருக்கும். நிறத்தைப் பார்த்து மட்டும் அள்ளாதீர்கள். அரைகுறையாக மக்கியதை வயலில் போட்டால், மிச்சத்தை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளடிக்கும். ஒரு பிடியை நனைத்துக் கவரில் கட்டி ரெண்டு மூன்று நாள் வைத்துத் திறந்து மோந்து பாருங்கள். மண்வாசம் வந்தால் தயார், புளித்த வாடையோ காட்டமோ அடித்தால் இன்னும் விடுங்கள். சந்தேகம் இருந்தால் அதில் கொஞ்சம் வெந்தயம் தூவி முளைக்கிறதா பாருங்கள்.

போடும் அளவு

நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன், அதாவது சென்ட்டுக்கு 50 கிலோ. கத்தரிக்கு அதைப்போல ரெண்டு மடங்கு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முள் கத்தரிக்கும் இதே கணக்குதான். கடைசி உழவுக்கு முன் இறைத்து அன்றைக்கே மண்ணில் கலந்துவிடுங்கள், வெயிலில் கிடந்தால் வீண். வீட்டுப் புல்தரைக்குச் சலித்து அரை அங்குலம் போதும். மரங்களுக்குத் தண்டை ஒட்டிக் குவிக்காமல், கிளை விரிந்திருக்கும் அளவுக்கு வட்டமாகப் பரப்பி மேலே சருகு மூடுங்கள்.

பிறகு சேர்த்தவை

குடியாத்தம் பக்கத்திலிருந்து தென்னை நார்க்கழிவைச் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். இந்தக் குவியலோடு கலக்க வேண்டாம், அதில் லிக்னின் என்ற, எளிதில் மக்காத மரப்பொருள் அதிகம், சேர்ந்து மக்காது. சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காக இட்டுத் தனியாகத்தான் மக்க வைக்க வேண்டும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விவரம் கேளுங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து நண்பர்களுக்கு: தோல் பதனிடும் இடத்துக் கழிவு இலவசமாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அதில் வரும் குரோமியம் உலோகம், எத்தனை மாதம் வைத்தாலும் மக்காது, மண்ணிலேயே தங்கிவிடும். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் குவியலுக்கு அதையும் ஊற்ற வேண்டாம். தண்ணீர் ஆவியாகும், உப்பு உரத்தில் நிற்கும். ஏரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ பயன்படுத்துங்கள். அதுவும் இல்லையென்றால் ஆடி மழை தொடங்கிய பிறகு குவியல் போட்டு, தைக்கு எடுத்துக்கொள்ளலாம்.